பெரியவரும் சின்னவனும் ஒரு டிரைவிங் மாஸ்டரும்

முன்னால் வண்டி இல்லை, ஆள் இல்லை, நாய்கூட இல்லை. ஆனாலும் மாஸ்டரின் கால் பிரேக்கை அழுத்துகிறது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தடுமாறினால் காப்பாற்ற வைத்தது. மாஸ்டர் அதைத் தன் பேச்சுக்கு நிறுத்தற்குறியாக வைத்துக்கொண்டிருக்கிறார். வாக்கியம் முடிந்தால் லேசாக ஓர் அழுத்து. வாதம் முடிந்தால் ஓங்கி ஓர் அழுத்து. இன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் பல் டாக்டரம்மா. ஒரு முறை முன்னுக்குக் குலுங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்கிறார்:

"இப்ப என்ன தப்பு பண்ணேன் மாஸ்டர்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல மேடம். அந்தப் பயதான் பண்றான். நேத்து டிவியில பாத்தீங்களா? அவ்ளோ பெரிய மலை ஏறுறான், வாயைக்கூடத் திறக்கல. மூக்காலயே மூச்சு விடுறான்! பெரியவர் ஏறும்போது நீங்க பாத்திருக்கணும். முகம் கோணி, நாக்கு தள்ளி, எச்சில் தாடையில காஞ்சு வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கும். அதுதான் மேடம் சைக்கிள். இவன் என்னமோ தபால் போடப் போற மாதிரி போறான்."

"மூக்கால மூச்சு விடுறதுதான் பல்லுக்கு நல்லது மாஸ்டர்."

ஓங்கி ஓர் அழுத்து.

டாக்டரம்மாவுக்குச் சைக்கிள் பந்தயத்தில் எந்த அக்கறையும் இருந்ததில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கார்களுக்கு நடுவே நிறுத்துவது ஒன்றுதான் அவருடைய கவலை. ஆனால் மாஸ்டரிடம் வண்டி பழகுகிறவர்கள் இரண்டு பாடம் படித்தாக வேண்டும். ஒன்று, கிளச். மற்றொன்று, பெரியவரா சின்னவனா என்பது.

பெரியவர் என்று மாஸ்டர் சொல்வது அவர் காலத்துச் சைக்கிள் சாம்பியனை. ஒவ்வொரு நாளுக்கும் தனி வெற்றி உள்ள அந்த மூன்று வாரப் பெரும் பந்தயத்தின் மலைகளில் அவரை அடிக்க ஆள் பிறக்கவில்லை என்று அப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதின. சின்னவன் என்பது இப்போதைய சாம்பியன். அடிக்க ஆள் பிறந்துவிட்டான் என்று இப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதுகின்றன. இருவருக்கும் அழகான பெயர்கள் உண்டு. மாஸ்டர் அவற்றை உச்சரிப்பதில்லை. சொந்த அப்பாவை யாராவது பெயர் சொல்லியா குறிப்பிடுவார்கள்? சின்னவனைப் பொறுத்தவரை காரணம் வேறு. பெயர் சொன்னால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

மாஸ்டர் வெறும் ரசிகர் இல்லை. இளமையில் சில ஆண்டுகள் பெரியவரின் அணியில் சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டியவர். அவருக்கு இடப்பட்ட வேலை ஜெயிப்பது அல்ல. முன்னால் போய்க் காற்றை வெட்டுவது. ஒருவன் முன்னால் மிதித்தால் அவன் முதுகுக்குப் பின்னால் காற்று பாதிதான். அந்த மறைவில் ஒட்டிக்கொண்டு வருகிறவன் தன் பலத்தைச் சேமித்துக் கடைசியில் பாய்வான். பாய்ந்தவன் படம் பத்திரிகையில் வரும். முதுகைக் கொடுத்தவனின் முழங்கை சில சமயம் படத்தின் ஓரத்தில் வரும். மாஸ்டரின் முழங்கை அப்படி அச்சில் வந்திருக்கிறது.

அந்த வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் வேலை அவரை விடவில்லை. காற்றடிக்கும் நாளில் மனைவியோடு தெருவில் நடந்தால் தன்னையறியாமல் அவருக்கு நேர் முன்னால் போய்விடுவார். காற்று திசை மாறினால் இவரும் பக்கம் மாறுவார். எதிரே வருகிறவர்கள் கணவன் மனைவிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பார்கள். "ஊர்ல எல்லாரும் ஜோடியா நடக்குறாங்க, நான் இவரு முதுகைப் பாத்துக்கிட்டே பாதி உலகத்தைச் சுத்திட்டேன்" என்பார் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் வரவேற்பு, ரசீது, திட்டு மூன்றும் அவர் பொறுப்பு.

மாஸ்டரின் சட்டைகளுக்கு முதுகில் பை. சைக்கிள்காரர்களின் பழக்கம் அது. குனிந்தபடி ஓட்டும்போது கைக்கு எட்டுவது முதுகுதான். தையல்காரர் முதலில் சிரித்தார், பிறகு பழகிக்கொண்டார். விண்ணப்பத் தாள், சீப்பு, பாதி தின்ற வாழைப்பழம் எல்லாம் மாஸ்டரின் முதுகிலிருந்து வரும். உரிமம் வாங்க வந்தவர்கள் தங்கள் புகைப்படம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்த்துக் கொஞ்சம் பயந்துபோவார்கள். இன்னொரு தொல்லை, நெடுஞ்சாலையில் லாரியைக் கண்டால் அவருக்குள் ஏதோ விழித்துக்கொள்ளும். "ஒட்டுங்க மேடம், பின்னாடியே ஒட்டுங்க, காத்து மறைப்பு கிடைக்கும்!" என்று போன மாதம் டாக்டரம்மாவிடம் கத்திவிட்டார். முன்னே போகும் வண்டிக்கு இடைவெளி விட வேண்டும் என்று காலையில் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த அதே வாய். டாக்டரம்மா லாரியையும் ஒட்டவில்லை, சுவரையும் நம்பவில்லை. ஓரமாக நிறுத்தி, இறங்கி, தண்ணீர் குடித்தார்.

மாஸ்டர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, காரில் தவிர. டீயை நடந்துகொண்டே குடிப்பார். முடிவெட்டுகிறவர், "காதை அறுத்துக்கிட்டா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியை எடுப்பார். இவ்வளவு துடிப்புள்ள மனிதர் சைக்கிளை மட்டும் தொடுவதில்லை. ஒரு முறை மைத்துனர் கேட்டபோது, "யாருக்காக ஓட்டுறது?" என்றார். அதைப் பெரிய தத்துவம் போலச் சொல்லவில்லை. கடையில் இன்ன சாமான் இல்லை என்பது போலச் சொன்னார்.

மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, இரண்டு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவர். சின்னவன் கட்சி. வெள்ளைக் கோட்டோடு வருவார், கையில் போன், போனில் புள்ளிவிவரம்.

"மலையில பெரியவர் ஜெயிச்சது எவ்ளோ, சின்னவன் ஜெயிச்சது எவ்ளோ? ரெண்டும் சமம் மச்சான். இன்னும் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சா தாண்டிடுவான்."

"எண்ணிக்கைய விடு மாப்ள. அந்தக் காலத்து ரோடு என்ன ரோடு? ஜல்லி. சைக்கிளே இரும்பு. இவனுக்குக் காதுல ரேடியோ, ஹேண்டில்ல கம்ப்யூட்டர், எப்ப மிதிக்கணும் எப்ப தின்னணும்னு சொல்றதுக்கு ஒரு பட்டாளம்."

"நேரத்தைப் பாருங்க. அதே மலை, உங்க ஆளை விட எவ்ளோ சீக்கிரம் ஏறிட்டான்!"

"சீக்கிரமா ஏறுறதுக்கு லிஃப்ட் இருக்கே."

"உங்க காலத்துல சைக்கிள்காரங்க என்னென்ன மாத்திரை போட்டாங்கன்னு என்கிட்ட சொல்ல வேணாம் மச்சான். நான் மருந்துக்கடைக்காரன்."

"தலைவலிக்குப் போட்டிருப்போம்."

"எல்லாருக்கும் ஒரே நாள்ல தலைவலி!"

கவனித்தால் ஒன்று தெரியும். பெரியவரின் வெற்றிகள் அதிகமாக இருந்தவரை மாஸ்டருக்கு வெற்றிதான் அளவு. எண்ணிக்கை சமமானதும் ரோடு அளவானது. ரோட்டுக்குப் பதில் வந்தபோது வலி அளவானது. மாஸ்டரின் அளவுகோல் மடக்கிப் பைக்குள் வைக்கும் ரகம். தேவைக்குத் தேவையான நீளம். அதே சமயம், வேறு யாராவது சின்னவனைக் குறைத்துப் பேசிவிட்டால் மாஸ்டருக்குப் பொறுக்காது. போன வாரம் ஒரு கொத்தனார், கார் பழக வந்தவர், மாஸ்டரைக் குளிர்விப்பதாக நினைத்து, "அவன் மனுஷனா, மெஷினு!" என்றார். மாஸ்டர் காரை நிறுத்தியே விட்டார். "நீ அந்த மலையில ஏறியிருக்கியா? நடந்தாவது ஏறியிருக்கியா? பேச வந்துட்டே. முதல்ல கண்ணாடியைப் பாத்து ஓட்டு." கொத்தனாருக்கு இன்றுவரை தான் எந்தக் கட்சியில் சேர வேண்டும் என்று தெரியவில்லை.

இவ்வளவு ஆவேசம் எங்கிருந்து வருகிறது என்று மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொன்னார். அதன்பிறகு சொல்லவில்லை.

ஒரு மலைநாளில் அணி அவரை முன்கூட்டியே முன்னால் அனுப்பியிருந்தது. பெரியவருக்குக் கடைசி மலையில் துணை வேண்டும் என்றால், முன்னே போனவன் அங்கே காத்திருந்து முதுகைக் கொடுப்பான், அதற்கான ஏற்பாடு. யாரும் எதிர்பார்க்காதது என்னவென்றால், மாஸ்டரைப் பிடிக்க அன்று ஆளே வரவில்லை. தனியாகப் போனார். கால் அன்று அவருடையது போலவே இல்லையாம், இன்னும் நல்ல யாருடையதோ போல இருந்ததாம். முடிவுக்கோடு இருக்கும் ஊரின் கூரைகள் தெரிந்தன. ஜனங்கள் ரோட்டோரம் நின்று அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கத்தினார்கள். அப்போது அணியின் கார் பக்கத்தில் வந்தது. கண்ணாடி இறங்கியது. "நில்லு. அவர் வர்றார்." அவ்வளவுதான். மாஸ்டர் காலைத் தரையில் ஊன்றி நின்றார். பெரியவர் வந்தார், பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டார். மாஸ்டர் கடைசி வளைவு வரை இழுத்துக்கொண்டு போனார். வளைவில் பெரியவர் தாண்டிப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை, ஜெயித்தார். சாப்பாட்டு மேசையில், "நல்லா இழுத்தே" என்றார்.

அதற்கு முன்னும் பின்னும் மாஸ்டர் எந்தக் கோட்டையும் முதலாவதாகத் தாண்டியதில்லை.

ஆகவே விஷயம் சைக்கிள் சம்பந்தப்பட்டதே இல்லை. பெரியவர் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் என்றால், அன்று மாஸ்டர் வரலாற்றுக்காக நின்றார். பத்தோடு பதினொன்று என்று ஆகிவிட்டால், வரலாற்றுக்காக நின்றதற்கும் பஸ்ஸுக்காக நின்றதற்கும் என்ன வித்தியாசம்?

இந்த நிலையில்தான் உள்ளூர் ரேடியோவின் விளையாட்டு அறிவிப்பாளர், சுறுசுறுப்பான பெண், போன் செய்தார். பெரியவரோடு சைக்கிள் ஓட்டியவர் இந்த ஊரில் மாஸ்டர் ஒருவர்தானே? வெள்ளிக்கிழமை கடைசி மலை. சின்னவன் ஜெயித்தால் பெரியவரைத் தாண்டிவிடுவான். ஜெயித்தாலும் தோற்றாலும் பந்தயம் முடிந்த கையோடு மாஸ்டரை நேரலையில் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்: இரண்டு பேரில் யார் பெரியவர்? பதில் ஒரே வார்த்தையில் வேண்டும்.

"சொல்லிட்டாப் போச்சு" என்று மாஸ்டர் உடனே ஒப்புக்கொண்டார். போனை வைத்ததிலிருந்து அவர் ஓரிடத்தில் இல்லை. குளியலறையில் ஒத்திகை நடந்தது. வெளியே நின்ற மனைவிக்கு ஒரு நாள் 'பெரியவர்' என்று கேட்டது, மறுநாள் 'சின்னவன்' என்று கேட்டது, அதற்கடுத்த நாள் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவ்ளோ குளிக்கணுமா?"

"ஒரு வார்த்தைதான் கஷ்டம். பத்து வார்த்தைன்னா நடுவுல ஒளிஞ்சுக்கலாம்."

மனைவி கதவைத் தட்டினார். "எதைச் சொன்னாலும் சோறு உண்டு. வெளிய வாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை டிரைவிங் ஸ்கூலின் முன்னறையில் போக்குவரத்துச் சின்னப் படங்களுக்கு நடுவே டிவி ஓடியது. மனைவி மேசையில். மருந்துக்கடை மைத்துனர், 'இதோ வருகிறேன்' என்ற அட்டையைக் கடையில் தொங்கவிட்டு வந்து நாற்காலியில். டாக்டரம்மா பாடத்துக்கு வந்து, பாடம் நடக்காது என்று புரிந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு நாற்காலியில். மாஸ்டர் வாசலுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் இடையே. வர்ணனையின் சத்தத்தை வந்ததும் அணைத்துவிட்டார். "இவனுங்க பேசுறதைக் கேட்டா எனக்கு மூச்சு வாங்குது."

திரையில் ஒருவன் தனியாக மலையேறிக்கொண்டிருந்தான். தலை நரைக்கத் தொடங்கிய ஆள், தோளில் காய்ந்த உப்பு. சின்னவனின் அணிக்காரன், பல வருடமாக அவனுக்குக் காற்று வெட்டுகிறவன். காலையிலேயே முன்னால் அனுப்பப்பட்டவன். அவனைப் பிடிக்க யாரும் வரவில்லை.

மாஸ்டர் தண்ணீர்க் கேனருகே நின்றுவிட்டார்.

"இவனை நிறுத்துவாங்க" என்றார்.

"எதுக்கு மச்சான் நிறுத்தணும்? அவன்தானே முன்னாடி போறான்?"

"அதுக்குத்தான் அனுப்பினாங்க. பேசாம பாரு."

திரையில் அந்த ஆள் காதைத் தொட்டான். காதிலிருந்த ரேடியோவில் யாரோ எதையோ சொன்னார்கள். மிதி தளர்ந்தது. ரோட்டோரமாக ஒதுங்கி ஒரு காலைத் தரையில் ஊன்றினான்.

"அடப்பாவமே" என்றார் டாக்டரம்மா. "ஜெயிக்கப் போறவர் ஏன் நிக்கிறார்?"

மனைவி ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

சின்னவன் வந்தான், வாயை மூடியபடி. மற்றவர்களையெல்லாம் கீழே எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தான். நின்றிருந்தவன் மிதித்துப் புறப்பட்டு முன்னால் போய் முதுகைக் கொடுத்தான். மாஸ்டர் வர்ணனையை அணைத்தவர் அல்லவா, இப்போது தானே தொடங்கினார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை. படித்த பாடத்தை ஒப்பிப்பது போல.

"இப்ப ரோடு கொஞ்சம் தட்டையாகும். இவன் இன்னும் குனிவான்... ஆச்சா? இப்ப ஊர் தெரியும். கண்ணுல வேர்வை எரியும், துடைக்க மாட்டான், துடைச்சா வேகம் குறையும்னு. இப்ப கடைசி வளைவு வரும். வளைவுல வெளிப்பக்கமா தாண்டிப் போவான். திரும்பிப் பாக்க மாட்டான். பாக்கக் கூடாது. பாத்தா அவனால போக முடியாது."

கடைசி வளைவு வந்தது. சின்னவன் வெளிப்பக்கம் வந்தான். தாண்டவில்லை.

பக்கத்தில் வந்து ஏதோ சொன்னான். முன்னால் போகிறவன் தலையை ஆட்டி மறுத்தான். சின்னவன் மறுபடி சொன்னான். அவன் மறுபடி மறுத்து வேகத்தைக் குறைத்தான். சின்னவனும் குறைத்தான். உலகத்திலேயே வேகமாக மலையேறுகிற இரண்டு பேர், லிஃப்ட் வாசலில் 'நீங்க போங்க, இல்ல நீங்க போங்க' என்று நிற்பவர்களைப் போல, கோட்டுக்கு முன்னால் யார் மெதுவாகப் போவது என்று சண்டை போட்டார்கள். பிறகு சின்னவன் கையை எடுத்து அவன் முதுகில், உப்புக் காய்ந்த இடத்தில், வைத்துத் தள்ளினான்.

"அட முட்டாப் பயலே!" மருந்துக்கடைக்காரர் எழுந்தே விட்டார். "ஜெயிச்சிருந்தா தாண்டியிருப்பானே! ஒண்ணே ஒண்ணுதானேடா வேணும் உனக்கு! மச்சான், உங்க ஆளு தப்பிச்சாரு. சமத்துலயே நிக்குது. மச்சான்?"

மச்சானுக்கு அது காதில் விழவில்லை. திரையில் அந்த நரைத்த ஆள் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தான். முன்னால் யாரும் இல்லை. அவனோ இரண்டு கையாலும் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவனைப் போலப் பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாவதாக வருகிறவன் என்ன செய்வான் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வேலை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"கையைத் தூக்குடா!"

டாக்டரம்மா நாற்காலியோடு நகர்ந்தார்.

"பின்னாடி என்னடா பாக்குறே? முன்னாடி பாரு! ஹேண்டிலை விடு. விடுடா, ஒண்ணும் ஆகாது, சைக்கிள் தானா போகும். ரெண்டு கையும்! ரெண்டு கையும் தூக்கணும்டா, இப்படி!"

மாஸ்டர் அறையின் நடுவில் வந்து நின்று காட்டினார்.

கோட்டுக்கு ஒரு சக்கர நீளம் இருக்கும்போது அந்த ஆள் ஹேண்டிலை விட்டான். கைகள் முதலில் பாதிதான் எழும்பின, பிறகு மீதியும். பின்னால் வந்த சின்னவன் அவனைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே கோட்டைத் தாண்டினான். வாய் இப்போது நன்றாகத் திறந்திருந்தது.

மேசையில் போன் அடித்தது. மனைவி எடுத்தார். "ஆமாம்மா... இருக்கார்... இருங்க தர்றேன்" என்றார். ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, ரேடியோவுலேந்து. நேரலையாம். பதில் கேக்குறாங்க" என்றார்.

டிவியில் பந்தயம் முடிந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் தன் போனில் ஒரு எண்ணைத் திருத்தப் போய், மாஸ்டரைப் பார்த்துவிட்டு, போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி ரிசீவரை நீட்டியபடி மேசையைச் சுற்றி வந்தார். அதற்குள்ளிருந்து, "வணக்கம் மாஸ்டர், கேக்குதா? மாஸ்டர்?" என்று அந்தப் பெண்ணின் குரல் சின்னதாக வந்துகொண்டிருந்தது.

மாஸ்டரால் அதை வாங்க முடியவில்லை. அவருடைய இரண்டு கைகளும் மேலேயே இருந்தன.